நோட்டரி முத்திரையா, இரண்டு சாட்சிகளா? பாலக்காட்டு எல்லையில் பத்திரம் எழுதுகிறவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதிப் பக்கம் தமிழ் பேசும் பல குடும்பங்களுக்குச் சொத்து இரண்டு மாநிலங்களில் கிடக்கிறது. தென்னந்தோப்பு கேரளத்தில் இருக்கும். மகளுக்குக் கொடுக்க வாங்கிய மனை பொள்ளாச்சியில் இருக்கும். மகன் கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருப்பான், மருமகன் துபாயில் இருப்பார். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்ததும் எழுகிற முதல் கேள்வி இதுதான்: நோட்டரியிடம் போவதா, தெரிந்த இரண்டு பேரைச் சாட்சி போடச் சொல்வதா?

பலரும் முத்திரைக்கே முதல் மரியாதை தருகிறார்கள். வட்ட முத்திரையும் ஒட்டிய ஸ்டாம்பும் வக்கீல் கையெழுத்தும் இருந்தால் காகிதம் கெட்டியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் போட்ட சாட்சிக் கையெழுத்து செக்போஸ்ட்டைத் தாண்டினால் எடுபடாது, முத்திரையோ எங்கும் எடுபடும் என்ற எண்ணமும் இருக்கிறது. இந்த எண்ணம் தவறு. எந்தப் பத்திரத்துக்கு யார் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சட்டமே முடிவு செய்து வைத்திருக்கிறது. சட்டம் நம் விருப்பத்துக்கு விட்டிருக்கிற இடங்களில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: நாளை ஒருவர் "இது என் கையெழுத்தே இல்லை" என்று மறுத்தாலோ, கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இல்லாமல் போனாலோ, நீதிமன்றத்துக்கு வந்து நடந்ததைச் சொல்லப்போகிறவர் யார்?

முதலில் நோட்டரியின் வேலை என்ன என்று பார்ப்போம். 1952ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டப்படி, குறிப்பிட்ட ஆண்டுகள் தொழில் செய்த வழக்கறிஞர்களை மத்திய அரசோ மாநில அரசோ நோட்டரியாக நியமிக்கிறது. பொதுப் பிரிவினருக்கு அந்த அனுபவம் குறைந்தது பத்து ஆண்டு. ஒரு பத்திரத்தில் இன்னார் கையெழுத்திட்டார் என்று சரிபார்த்துச் சான்றளிப்பது, சத்தியப்பிரமாணம் செய்வித்துப் பிரமாணப் பத்திரம் வாங்குவது, நகலுக்கு உண்மை நகல் என்று சான்றளிப்பது ஆகியவை அவருடைய முக்கிய வேலைகள். ஒவ்வொன்றையும் தன் பதிவேட்டில் வரிசை எண்ணோடு எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவேடுதான் நோட்டரியிடம் போவதன் உண்மையான பயன். இந்தத் தேதியில் இந்த ஆள் நேரில் வந்து கையெழுத்திட்டார் என்பதற்கு அது நல்ல ஆதாரம். ஆனால் பத்திரத்துக்குள் எழுதியிருப்பது உண்மை என்று முத்திரை சொல்வதில்லை. விற்கிறவருக்கு அந்த நிலம் சொந்தம் என்றும் அது சொல்வதில்லை.

எல்லைப் பகுதியில் அடிக்கடி எழும் ஐயம் ஒன்று: பாலக்காட்டுச் சித்தூரில் கேரள நோட்டரி போட்ட முத்திரை பொள்ளாச்சியில் செல்லுமா? செல்லும். தனக்கு ஒதுக்கிய பகுதிக்குள் அவர் சான்றளித்த பத்திரத்தை நாட்டில் எங்கும் காட்டலாம். ஆனால் கேரள அரசு நியமித்த அந்த நோட்டரி கோபாலபுரம் எல்லையைத் தாண்டி வந்து பொள்ளாச்சியில் உட்கார்ந்து முத்திரை போட அதிகாரம் இல்லாதவர். இந்தியா முழுவதற்கும் மத்திய அரசு நியமித்தவராக இருந்தால் கதை வேறு. கையெழுத்துப் போடுகிறவர் வராமலே, ஆளனுப்பி முத்திரை வாங்கிக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நேரில் வந்தார் என்பதுதான் நோட்டரி தரும் ஒரே பெரிய உறுதி. அதுவே பொய்யாகிவிட்டால் அந்தக் காகிதம் காப்பாற்றாது, மாட்டிவிடும்.

சாட்சி என்பவர் வேறு. 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 3ஆவது பிரிவு அதற்கு இலக்கணம் சொல்கிறது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொருவரும் எழுதிக்கொடுப்பவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துத்தான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையிலேயே தாமும் கையெழுத்திட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர்கள் எந்த மாநிலத்துக்காரர்கள் என்ற கேள்வியும் இல்லை. சாட்சிக்கு அரசு நியமனம் வேண்டாம், முத்திரை வேண்டாம். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லும் நேர்மையும் நினைவும் வேண்டும்.

உயில்: இங்கே சாட்சிதான் எல்லாம்

இந்த ஒப்பீட்டில் அதிகம் யோசிக்க வேண்டியது உயிலைப் பற்றித்தான். எழுதியவர் போன பிறகே அது வேலை செய்யத் தொடங்குகிறது. அவரைக் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு உயிலுக்கு இரண்டு சாட்சிகளைக் கட்டாயமாக்குகிறது. நோட்டரியை அது எங்கும் கேட்கவில்லை. ஐம்பது ரூபாய் முத்திரைத்தாளையும் கேட்கவில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிய உயில் போதும். ஆனால் இரண்டு சாட்சிகள் இல்லாமல் நோட்டரி முத்திரை மட்டும் இருந்தால் அந்த உயில் விழுந்துவிடும். நோட்டரியும் பார்த்துத்தானே கையெழுத்திட்டார், அவரையே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமே என்று வாதாட இடம் உண்டுதான். அப்போதும் சாட்சியாக நிற்கும் நோக்கத்தோடுதான் கையெழுத்திட்டேன் என்று அவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அவர் ஒருவர்தான், இரண்டாமவர் எங்கே? பிள்ளைகளுக்கு நிம்மதி தர எழுதும் காகிதத்தில் இப்படி ஒரு வாதத்துக்கு ஏன் இடம் வைக்க வேண்டும்?

அடுத்தது நிரூபிப்பது. சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து, நீதிமன்றம் அழைத்து வரவழைக்கக்கூடியவராக இருந்தால், அவரை விசாரிக்காமல் உயிலைச் சான்றாக ஏற்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 68ஆவது பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் அது 67ஆவது பிரிவு. மற்றப் பத்திரங்களைப் பதிவு செய்துவிட்டால், எழுதிக்கொடுத்தவர் குறிப்பாக மறுக்காதவரை சாட்சியை அழைக்க வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. உயிலுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. பதிவு செய்த உயில் என்றாலும் சாட்சி வந்தே தீர வேண்டும்.

ஆகவே உயிலுக்குச் சாட்சி தேர்வு செய்வதில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போன்ற கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது என்ன? எழுபது வயதுப் பெரியவர் தன் வயதுக் கூட்டாளிகள் இருவரைக் கூப்பிட்டுச் சாட்சி போடச் சொல்கிறார். மரியாதை சரிதான். ஆனால் உயில் நீதிமன்றம் ஏறும் நாளில் அந்த இருவரும் இருப்பார்களா? இருவருமே காலமாகியிருந்தால் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் எழுதியவரின் கையெழுத்தையும் அடையாளம் காட்டி நிரூபிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அது கடினமான வழி. உயில் எழுதுகிறவரைவிட இருபது வயதாவது இளையவர்கள், ஊரைவிட்டு எளிதில் போகாதவர்கள், சொத்தில் எந்த ஒட்டும் இல்லாதவர்கள் சாட்சியாக இருப்பது நல்லது. எழுதுகிறவர் உடல்நலம் குன்றியவர் என்றால் அவரைப் பார்க்கும் மருத்துவர் ஒரு சாட்சியாக இருப்பது மிகவும் நல்லது. அறிவு தெளிவாக இருந்ததா என்ற கேள்வி வரும்போது அவர் சொல்லுக்கு எடை உண்டு.

உயிலால் பயன் பெறுகிறவர் சாட்சி போடக்கூடாது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது வெறும் அறிவுரை அல்ல: வாரிசுரிமைச் சட்டத்தின் 67ஆவது பிரிவுப்படி சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய சொத்து அவர்களுக்குப் போகாது, உயிலின் மற்றப் பகுதி மட்டும் நிற்கும். இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் சந்தேகம் எழ அது போதும். 1958இல் வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது இது: உயிலைச் சுற்றிச் சந்தேகத்துக்குரிய சூழ்நிலைகள் இருந்தால் அவற்றை நீக்க வேண்டிய பொறுப்பு உயிலைக் கொண்டுவருகிறவருடையது. பெரும்பங்கு பெறுகிறவரே முன்னின்று உயில் எழுத வைப்பது அப்படிப்பட்ட ஒரு சூழ்நிலை. முஸ்லிம்களான பாலக்காட்டு ராவுத்தர் குடும்பங்களுக்கு வேறு கணக்கு. அவர்களுக்கு இந்த 63ஆவது பிரிவு பொருந்தாது. மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்கவும் முடியாது. இருந்தாலும் எழுத்தில் வைத்து இரண்டு பேரைச் சாட்சி போடச் சொல்வது அவர்களுக்கும் பாதுகாப்புத்தான்.

தோப்பு எருத்தேம்பதியில், மனை பொள்ளாச்சியில் என்றால் இரண்டு உயில் வேண்டுமா? வேண்டாம். ஒரே உயிலில் இரண்டையும் எழுதலாம். உயிலைப் பதிவு செய்வது கட்டாயம் இல்லை. பதிவு செய்ய விரும்பினால் நிலம் இருக்கும் ஊரின் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டும் இல்லை. அந்தக் கட்டு விற்பனை, தானம் போன்ற நிலப் பத்திரங்களுக்கு உரியது. நோட்டரிக்குச் செலவிட நினைக்கும் பணத்தையும் நேரத்தையும் உயில் பதிவுக்குச் செலவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பதிவு செய்த உயில் தொலையாது, இடையில் தாள் மாற்ற முடியாது, கைரேகை அரசுப் பதிவில் இருக்கும். உள்ளே எழுதியிருப்பதை இப்போதே யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் உறையில் இட்டு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கவும் பதிவுச் சட்டம் இடம் தருகிறது.

சாட்சி கேரளத்திலும் வழக்கு தமிழ்நாட்டிலும் இருந்தால்? மாநில எல்லை ஒரு தடை அல்ல. ஒரு சாட்சியை நேரில் வரக் கட்டாயப்படுத்துவதற்குச் சிவில் நடைமுறைச் சட்டம் தூரத்தைத்தான் பார்க்கிறது. நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருப்பவர் என்றால் பொதுவாக நூறு கிலோமீட்டருக்குள், வழியில் பெரும்பகுதிக்கு ரயிலோ பஸ்ஸோ போன்ற வசதி இருந்தால் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறைச் சாட்சி பொள்ளாச்சி நீதிமன்றத்துக்கு வருவது சிரமமே அல்ல. துபாய் போய்விட்ட சாட்சிதான் சிரமம்.

நிலம்: நோட்டரியும் போதாது, சாட்சியும் போதாது

நிலத்தை உயிரோடு இருக்கும்போதே கைமாற்றுவதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தவிர வேறு வழி இல்லை. தானத்துக்கு, அதாவது கேரளத்தில் இஷ்டதானம் என்று எழுதும் பத்திரத்துக்கு, பதிவும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட சாதாரண அடமானத்துக்கும் அப்படியே. கிரயப் பத்திரத்துக்குச் சட்டம் பதிவை மட்டுமே கேட்கிறது. ஆனாலும் சாட்சி இல்லாமல் கிரயம் எழுதும் வழக்கம் எங்கும் இல்லை. அது நல்ல வழக்கம். பதிவின்போது "இவரை எனக்குத் தெரியும்" என்று அடையாளம் காட்டுகிறவர்கள் பத்திரத்தின் சாட்சிகளாக ஆகிவிட மாட்டார்கள். சாட்சி சொல்லும் நோக்கத்தோடு கையெழுத்திட்டிருந்தால்தான் அப்படிக் கருதலாம் என்று 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தானப் பத்திரத்தில் சாட்சிக்கான இடம் வெறுமையாக இருந்தால், அடையாளம் காட்டியவர்களின் கையெழுத்து இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

முன்பணம் கொடுத்து நோட்டரி முன்னிலையில் விற்பனை ஒப்பந்தம் எழுதிக்கொள்வது எல்லையின் இரு பக்கமும் நடக்கிறது. தமிழ்நாட்டில் நிலம் என்றால் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். ஆந்திரத்து நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கம் நிலம் வாங்கும் தமிழர்களுக்கும் இதேதான். அங்கே 1999 முதலே அந்த விதி இருக்கிறது. பவர் பத்திரமும் உயிலும் ஒப்பந்தமும் சேர்த்து எழுதி வாங்கி, நிலம் கைக்கு வந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அவற்றால் உரிமை மாறாது. எத்தனை முத்திரை இருந்தாலும் மாறாது.

பவர் பத்திரத்தில் மட்டும் நோட்டரிக்கு ஒரு தனி இடம் உண்டு. பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் தருகிறவர் இந்தியாவில் வசித்தால், அவர் வசிக்கும் பகுதியின் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன்பாகவே அதைச் செய்து தர வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. அதுவே வெளிநாட்டில் வசித்தால் அங்குள்ள நோட்டரி முன்போ இந்தியத் தூதரக அதிகாரி முன்போ கையெழுத்திடலாம். துபாயில் இருக்கும் மருமகனுக்கு இது பொருந்தும். கோவையில் இருக்கும் மகனுக்குப் பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து வந்த பவர் பத்திரத்துக்கு அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பதைப் பலர் மறந்து, விற்பனை நாளன்று தவிக்கிறார்கள்.

பிரமாணப் பத்திரம் என்றால் யோசிக்கவே வேண்டாம். பெயர் வேறுபாடு, தொலைந்த சான்றிதழ் எதற்கானாலும் சத்தியப்பிரமாணம் செய்விக்கும் அதிகாரம் சாட்சிக்குக் கிடையாது. நோட்டரி போன்ற அதிகாரம் பெற்றவரிடம்தான் போக வேண்டும்.

வாடகையும் கடனும்

வாடகை ஒப்பந்தத்தில் நிலைமை வீடு இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. கோவையில் வீடு என்றால் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு எந்த மாநிலத்திலும் உண்டு. பதினொரு மாத ஒப்பந்தங்களில் நோட்டரியும் இருக்கட்டும், இரண்டு சாட்சிகளும் இருக்கட்டும். தேதிக்கு நோட்டரி, பேசிய பேச்சுக்குச் சாட்சி.

கைமாற்றுக் கடனில் நல்லெண்ணத்தோடு போடும் சாட்சிக் கையெழுத்தே சிக்கலாவதும் உண்டு. புரோநோட்டுக்குச் சாட்சி தேவையில்லை. "தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ" என்ற சொற்கள் இருக்கும் நோட்டில் சாட்சி இருந்தால் கெடுதலும் இல்லை. அந்தச் சொற்கள் இல்லாமல் "இன்னாருக்குத் தருகிறேன்" என்று மட்டும் எழுதி, சாட்சியும் கையெழுத்திட்டால், முத்திரைச் சட்டத்தின் பார்வையில் அது கடன் பத்திரம் என்ற வேறு வகைக்குள் போய்விடலாம். அதற்குத் தீர்வை அதிகம். ரெவின்யூ ஸ்டாம்பு மட்டும் ஒட்டிய காகிதம் குறைமுத்திரைப் பத்திரமாக நிற்கும். அபராதத்தோடு தீர்வை கட்டாமல் நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்காது. ஆகவே அச்சடித்த புரோநோட்டை வாங்கி நிரப்புவது நல்லது. சொந்தமாக எழுதினால் அந்த "உத்தரவு பெற்றவர்" வரியை விட்டுவிடக்கூடாது.

தெரியாத மொழியில் கையெழுத்து

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுதினேன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களிலும் தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர்கள் மலையாளத்தில் எழுதிய பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், சிலர் கைரேகை வைக்கிறார்கள். "எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் எழுதியிருக்கிறது, வையுங்கள் அம்மா" என்று சொன்னால் வைத்துவிடுகிறார்கள். பின்னாளில் வழக்கு என்று வந்தால் கேட்கப்படுவது கைரேகை யாருடையது என்பது மட்டும் அல்ல. என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்து வைத்தாரா என்பதும்தான். அங்கே முத்திரை தானாகப் பேசாது. தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் பேச முடியும்.

எனவே அப்படிப்பட்ட பத்திரங்களில் இரண்டு சாட்சிகளில் ஒருவராவது இரு மொழியும் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அவரே கையெழுத்துக்கு முன் முழுவதையும் தமிழில் சொல்லிக் காட்டட்டும், சர்வே எண்ணும் பரப்பும் எல்லைகளும் உட்பட. நோட்டரியிடம் போனாலும் இதையே கேளுங்கள். வாசித்துக் காட்டப்பட்டது என்று அவர் சான்றில் எழுதுவது வழக்கம்தான், உண்மையிலேயே வாசித்துக் காட்டிவிட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே பத்திரம் எழுத விரும்பினால், பதிவு அலுவலருக்குத் தெரியாததும் அந்த மாவட்டத்தில் பொதுவாக வழங்காததுமான மொழி என்றால் மட்டுமே உண்மையான மொழிபெயர்ப்பும் ஒரு நகலும் சேர்த்துத் தர வேண்டும் என்கிறது பதிவுச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. மலையாளத்தில்தான் எழுதியாக வேண்டும் என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவைக் காட்டிக் கேளுங்கள். மலையாளத்தில் எழுதுவதே வசதி என்று முடிவானால், சாட்சியின் கையெழுத்துக்கு மேலே அவர் கைப்பட இந்த வரிகள் இருக்கட்டும்: "மேற்படி பத்திரத்தை எழுதிக்கொடுப்பவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாததால், முழுவதையும் தமிழில் வாசித்துப் பொருள் சொன்னேன். புரிந்துகொண்டு, சரி என்று ஒப்புக்கொண்டு, என் முன்னிலையில் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார்." கீழே அவருடைய முழு முகவரியும் தேதியும்.